நாய் கடிச்சா யார் குத்தம்? - வில்லன் நாய்களின் கதை

நாய் கடிச்சு யாராவது செத்துப் போயிட்டாங்கன்னு செய்தி வந்தா போதும், உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "அந்த ஜாதி நாயே அப்படித்தான், மொத்தமா தடை பண்ணுங்க"ன்னு ஒரு கோஷ்டி. "நாய் மேல தப்பே இல்லை, வளர்த்தவன் சரியில்லை"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு நாள் காரசாரமா அடிச்சுக்குவாங்க. மூணாவது நாள் வேற செய்தி வந்துடும், மறந்துடுவோம்.

இது ஏதோ நம்ம காலத்துச் சண்டைன்னு நினைச்சுடாதீங்க. குறைஞ்சது நூத்தைம்பது வருஷமா நடக்குது. நாய் மட்டும்தான் மாறிக்கிட்டே இருக்கு. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதலாம்னு இருக்கேன். சம்பவங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் நடப்பவை. ஏன்னா நாயின் இனத்தை வைத்துச் சட்டம் போட்டு, முப்பது வருஷம் கழித்து அதன் பலனைக் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள்தான். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

தலைமுறைக்கு ஒரு வில்லன்

முதல் வில்லன் பிளட்ஹவுண்ட். அமெரிக்காவில் தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளைத் துரத்திப் பிடிக்க கியூபாவில் இருந்து வேட்டை நாய்களைக் கொண்டு வந்தார்கள். 1852-ல் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை நாடகமாகப் போட்டவர்கள், மேடையில் நிஜ நாய்களையே ஓட விட்டார்கள். பார்க்க பயங்கரமா இருக்கணும்னு கிரேட் டேன், மாஸ்டிஃப் மாதிரி பெரிய உருப்படிகளைக் கொண்டு வந்து "பிளட்ஹவுண்ட்"னு போஸ்டர் ஒட்டினார்கள். பேரே 'ரத்த' நாய், கேட்கணுமா? ஊரெல்லாம் பயம்.

அடுத்தது யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. ஸ்பிட்ஸ்! நம்ம ஊர்ல ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு 'பொமரேனியன்'னு புசுபுசுன்னு வெள்ளையா ஒண்ணு குரைச்சுக்கிட்டு இருக்குமே, அதே குடும்பம்தான். 1870-களில் நியூயார்க்கில் வெறிநாய்க்கடிப் பீதி. பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடிச்சது 1885-ல்தான். அதுக்கு முன்னாடி வெறிநாய் கடிச்சா சாவு நிச்சயம். வெறிநோய்க்கே ஸ்பிட்ஸ்தான் மூல காரணம்னு பத்திரிகைகள் எழுதித் தள்ளின. தெருவில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஆற்றில் முக்கிக் கொன்றார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் ஷெப்பர்ட். 'ஜெர்மன்'ங்கிற பேரு ஆகாதுன்னு இங்கிலாந்தில் 'அல்சேஷன்'னு மாத்தினாங்க. அதோட விட்டாங்களா, 'அல்சேஷன் ஓநாய் நாய்'னு ஓநாயையும் சேர்த்து விட்டாங்க. வினையே அங்கேதான். இது பாதி ஓநாய்னு ஜனங்க நம்பிட்டாங்க. காட்டு நாயான டிங்கோவோட கலந்து நம்ம ஆடுகளை எல்லாம் அழிச்சிடும்னு ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட, 1929-ல் அங்கே இறக்குமதித் தடை. அது 1970-கள் வரைக்கும் நீடித்தது. போலீஸ் நாய்னாலே உலகம் பூரா இதுதான் நினைவுக்கு வருது; ஒரு நாடு மட்டும் நாற்பது வருஷம் உள்ளே விடலை.

அப்புறம் டாபர்மேன். ஜெர்மனியில் அபோல்டாங்கிற ஊரில் வரி வசூல் பண்ணிக்கிட்டிருந்த கார்ல் டாபர்மேன், பாதுகாப்புக்காக உருவாக்கிய நாய். இதுக்கு வயசாக ஆக மூளை வளர்ந்து, மண்டையோடு பத்தாம, பைத்தியம் பிடிச்சு எஜமானையே கடிக்கும்னு ஒரு கதை உண்டு. நம்ம ஊரிலும் கேட்டிருப்பீங்க. சுத்தப் புருடா.

அதுக்கப்புறம் ராட்வீலர். ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களின் மாட்டு நாய். 1976-ல் 'தி ஓமன்' படத்தில் சாத்தானின் காவல் நாயா வந்த பிறகு அதன் மவுசே தனி. 1980-களில் பிட்புல் வந்தது. 1987 ஜூலையில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை பல்லைக் காட்டும் பிட்புல்லை அட்டையில் போட்டு எச்சரித்தது. இத்தனைக்கும் அதே வகை நாய்தான் முதல் உலகப் போர்ச் சமயத்தில் அமெரிக்காவின் வீரத்துக்கு அடையாளமா போஸ்டரில் நின்றது, குழந்தைகள் படத்தில் தோழனாக நடித்தது.

கவனிச்சுப் பாருங்க, புது வில்லன் வந்ததும் பழைய வில்லன் சாதுவாயிடுது. இன்னைக்கு ஸ்பிட்ஸுக்கு யார் பயப்படறாங்க?

1991: அவசரத்தில் பிறந்த சட்டம்

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1989-ல் ஸ்காட்லாந்தில் ரெண்டு ராட்வீலர்கள் தாக்கி 11 வயதுச் சிறுமி இறந்து போனாள். 1991 மே மாதம் பிராட்ஃபோர்டில் 6 வயதுச் சிறுமியைப் பிட்புல் ஒன்று கடித்துக் குதறியது. அந்தக் குழந்தையின் முகம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நாடே கொந்தளித்தது. நியாயம்தானே, பெத்தவங்க வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்?

உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் ஏதாவது செஞ்சே ஆகணும். செஞ்சார். மே மாதம் சம்பவம், ஜூலை 25-ல் 'ஆபத்தான நாய்கள் சட்டம்' கையெழுத்தாச்சு, ஆகஸ்ட் 12-ல் அமல்.

நாலு வகை நாய்களுக்குத் தடை: பிட்புல் டெர்ரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ. கடைசி மூணையும் பிரிட்டனில் பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். பீதியைக் கிளப்பி விட்ட ராட்வீலர் பட்டியலில் இல்லவே இல்லை. ராட்வீலர், டாபர்மேன், அல்சேஷன் எல்லாத்தையும் சேர்த்திருந்தா கிராமப்புற வசதியான மக்களின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கும்னு பேக்கரே பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். பட்டியல் எப்படித் தயாராகுதுன்னு பாருங்க. எந்த நாய் அதிகம் கடிக்குதுங்கிறதை விட, எந்த நாயின் எஜமானனுக்குச் செல்வாக்கு கம்மிங்கிறது முக்கியமாப் போச்சு.

இன்னொரு கூத்து. பிட்புல் அங்கே பதிவு பெற்ற இனம் கிடையாது. அதனால சட்டம் 'அந்த வகை' என்றுதான் சொன்னது. அப்பா அம்மா யாருங்கிறது கணக்கில்லை. தோற்றம் ஒத்துப் போனா பிட்புல். தலை அகலம் எவ்வளவு, கால் நீளம் எவ்வளவுன்னு அளவெடுத்துப் பார்ப்பாங்க. "இது அந்த வகை இல்லை"ன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் நாய்க்காரர் தலையில்தான். கொலைக் குற்றவாளிக்கே குற்றத்தை அரசு நிரூபிக்கணும். நாய்க்கு அது தலைகீழ். ஆரம்பத்தில் நிரூபிக்க முடியலைன்னா சாவு ஒண்ணுதான் தீர்ப்பு. 1997-ல் திருத்தம் வந்த பிறகுதான் நீதிபதிக்கு வேறு வழி கிடைத்தது.

ரெண்டு நாய், ஒரு இளவரசி

டெம்ப்சின்னு லண்டனில் ஒரு பிட்புல். யாரையும் கடிச்சதில்லை. 1992-ல் ஒரு நாள் வெளியே கூட்டிப் போனபோது அதுக்கு வாந்தி வந்தது. மூச்சு முட்டிடப் போகுதேன்னு கூடப் போனவர் வாய்மூடியைக் கழட்டினார். போலீஸ் பார்த்துட்டாங்க. பொது இடத்தில் வாய்மூடி இல்லாத பிட்புல், ஆகவே மரண தண்டனை! மூணு வருஷத்துக்கு மேல வழக்கு, அது வரைக்கும் நாய் சிறையில். 1995-ல் ஒரு நடைமுறைக் கோளாறைக் காட்டித்தான் தப்பியது.

லென்னாக்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வட அயர்லாந்து பெல்ஃபாஸ்டில் ஒரு குடும்பம் வளர்த்த கலப்பு நாய். அமெரிக்க புல்டாக், லாப்ரடார் கலப்புன்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. 2010-ல் மாநகராட்சி ஆட்கள் வந்து டேப்பு வச்சு அளந்து பார்த்தாங்க. அளவு பிட்புல் வகைக்கு ஒத்துப் போச்சு, தூக்கிட்டுப் போயிட்டாங்க. கடிச்சதா ஒரு புகார் கூட இல்லை. கோர்ட்டில் ஒரு நிபுணர் ஆபத்தானதுன்னார், வேற நிபுணர்கள் இல்லைன்னாங்க. உலகம் பூரா இருந்து மனுக்கள் குவிந்தன. ரெண்டு வருஷம் கூண்டில் கிடந்து, 2012 ஜூலை 11-ல் கொல்லப்பட்டது.

இந்த ரெண்டுக்கும் நடுவில் 2002-ல் ஒரு சம்பவம். வின்ட்சர் பூங்காவில் டாட்டிங்கிற புல் டெர்ரியர் ரெண்டு குழந்தைகளைக் கடித்தது. நிஜமாவே கடித்தது. எஜமானி யார்னா இளவரசி ஆன்! புல் டெர்ரியர் தடைப் பட்டியலில் இல்லை. அதனால அதே சட்டத்தின் வேறொரு பிரிவில் வழக்கு. இளவரசி குற்றத்தை ஒப்புக்கொண்டார், 500 பவுண்டு அபராதம். டாட்டி உயிரோடு வீட்டுக்குப் போனது.

இளவரசிங்கிறதால விட்டுட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. எஜமானருக்கு அபராதம், நாய்க்கு ஒரு வாய்ப்பு - உண்மையில் அது நல்ல தீர்ப்புதான். கடிச்ச நாய்க்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. கடிக்காத லென்னாக்ஸுக்குக் கிடைக்கலை. வித்தியாசம் டேப்பு அளவில் மட்டும்தான்.

சரி, பலன் கிடைச்சுதா?

சட்டம் கொடுமையாவே இருக்கட்டும், குழந்தைகள் பிழைச்சிருந்தா சரின்னு சொல்லலாம். கணக்கைப் பார்ப்போம்.

1991-ல் இருந்து 2016 வரை நாய் தாக்கி இறந்தவர்கள் 30 பேர்னு பிரிட்டனின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கணக்குப் போட்டது. அதில் 21 பேரைக் கொன்றது பட்டியலில் இல்லாத நாய்கள். இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1998-ல் லட்சத்துக்கு 6.34 பேர், 2018-ல் 14.99 பேர். இரண்டு மடங்குக்கும் மேல. 2018-ல் நாடாளுமன்றக் குழு ஒன்றே, இந்த இனத் தடை மக்களைக் காப்பாத்தலை, சட்டத்தை முழுசா மறு ஆய்வு செய்யுங்கன்னு அறிக்கை கொடுத்தது.

நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லைத் தடை செய்து, கடி குறையலைன்னு 2008-ல் தடையை விலக்கியது. இத்தாலி 2003-ல் 90-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பட்டியல் போட்டு, 2009-ல் அதைத் தூக்கி எறிந்துவிட்டு எஜமானர்தான் பொறுப்புன்னு மாற்றியது.

அப்போ இனத்துக்கும் கடிக்கும் சம்பந்தமே இல்லையா?

இங்கேதான் நாய்ப் பிரியர்களோட எனக்குக் கொஞ்சம் தகராறு. "வளர்ப்புதான் எல்லாம், இனம் ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்றதும் பாதி உண்மைதான்.

முதல்ல அவங்க பக்கம் இருக்கிற நல்ல ஆதாரத்தைச் சொல்லிடறேன். அமெரிக்க ஃபுட்பால் வீரர் மைக்கேல் விக் வர்ஜீனியாவில் நாய்ச் சண்டை நடத்தியதற்காக 2007-ல் மாட்டினார். 23 மாதம் சிறைத் தண்டனை. அவர் இடத்தில் கிட்டத்தட்ட ஐம்பது பிட்புல்கள். சண்டைக்குன்னே வளர்த்தவை, எல்லாத்தையும் கொன்னுடுங்கன்னு பெரிய விலங்குநல அமைப்புகளே சொல்லின. கோர்ட்டு ஒவ்வொரு நாயையும் தனித்தனியா சோதிக்கச் சொன்னது. மூர்க்கம்னு கொல்ல வேண்டி வந்தது ஒரே ஒரு நாயைத்தான். 47 நாய்கள் பிழைத்தன. பல நாய்கள் குழந்தைகள் உள்ள வீட்டுக்கே போயின, சில நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்களாயின. 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றித் திரட்டிய தகவலின்படி, தனித்தனி நாய்களின் குணத்தில் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது.

இப்ப அந்தப் பக்கம். ஐம்பது கிலோ நாய் கடிக்கிறதும் அஞ்சு கிலோ நாய் கடிக்கிறதும் ஒண்ணா? பொமரேனியன் கடிச்சா தையல், பெரிய நாய் விடாம கடிச்சா உயிர். இனம் என்பது கோபத்தை முடிவு செய்யுதோ இல்லையோ, சேதத்தை முடிவு செய்யுது.

அதோட, இனம்னு ஒண்ணு வானத்துல இருந்து விழலை. 1835-ல் பிரிட்டன் காளைமேல் நாய்களை ஏவும் விளையாட்டைத் தடை செய்தது. சூதாடிகளுக்குப் பொழுது போகணுமே? காளையை ஒளிக்க முடியாது, ரெண்டு நாய்களை நிலவறையில் மோத விடலாம். புல்டாக்கையும் டெர்ரியரையும் கலந்து சண்டை நாயை உருவாக்கினாங்க. பிட்புல்லின் பாட்டன் அதுதான். அடிமையைத் துரத்த ஒரு நாய், வரி வசூலுக்கு ஒரு நாய், சூதாட்டத்துக்கு ஒரு நாய். அதாவது, நாம இனம்னு சொல்றதே பல தலைமுறை எஜமானர்கள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த முடிவுகளின் மூட்டை. அதனால "இனமா, எஜமானனா"ங்கிற கேள்வியில் ரெண்டு பக்கமும் நிக்கிறது மனுஷன்தான். நாயை உருவாக்கி விற்கிற பிரீடர் மட்டும் இந்தப் பட்டிமன்றத்தில் மேடைக்கே வரமாட்டார்.

எக்ஸ்எல் புல்லி

இதுக்குச் சரியான உதாரணம் எக்ஸ்எல் புல்லி. அமெரிக்காவில் பிட்புல் வழியில் உருவாக்கி, 2010-களில் பிரிட்டனுக்கு வந்த ராட்சச நாய். கொரோனா ஊரடங்கில் நாய்க்குட்டி விலை எகிறியபோது இது கொழுத்த வியாபாரம் ஆச்சு. தலை பெருசா, மார்பு அகலமா இருந்தா ஆயிரக்கணக்கான பவுண்டு. குணத்தைப் பார்த்து யாரும் விலை பேசலை. ஒரே வம்சத்துக்குள்ளேயே கலந்து குட்டி போட வச்சாங்க. 2021-க்கு அப்புறம் நாய் தாக்கிச் சாவதும் மளமளன்னு ஏறிச்சு. அதில் பலவற்றில் இந்த நாய்தான் இருந்தது. செத்தவர்களில் பச்சைக் குழந்தைகளும் உண்டு.

2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் தடையை அறிவித்தார். 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதிச் சான்று இல்லாம வைத்திருந்தா குற்றம். 50,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்குச் சான்று வாங்கினாங்க. எத்தனை இருக்கும்னு அரசாங்கம் முன்னாடி நினைச்சிருந்ததை விட அது பல மடங்கு! இந்த நாய் விஷயத்தில் அரசாங்கம் சும்மா இருந்திருக்க முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா இதையும் கவனிங்க: 1991 சட்டம் அமலில் இருக்கும்போதே, அந்தச் சட்டத்தின் கண் முன்னாடியே இந்த நாய் உருவாகி வளர்ந்தது. பட்டியலில் பேர் இல்லையே! அடுத்து இன்னொண்ணு வரும், அதுக்கும் பேர் இருக்காது.

கனடாவின் கால்கரி நகரம் வேற வழியில் போச்சு. இனத் தடை கிடையாது. எல்லா நாய்க்கும் லைசென்ஸ், அந்தப் பணத்திலேயே கண்காணிப்பு, நாய் துரத்தினாலே அபராதம், கடிச்சா இன்னும் அதிகம். 1980-களை விட 2000-களில் ஊர் பெருத்தும் கடி குறைந்தது. அங்கேயும் 2022-ல் ஒரு மூதாட்டி நாய்கள் தாக்கி இறந்தார். சாவை அடியோட நிறுத்தும் சட்டம் எங்கேயும் இல்லை. ஆனா முதல் குரைப்பிலேயே எஜமானன் வீட்டுக் கதவைத் தட்டுறது, பிணம் விழுந்த பிறகு பட்டியல் போடுறதை விட மேல்.

நம்ம பக்கம்

2024 மார்ச் 12-ல் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன. மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்காவில் ரெண்டு ராட்வீலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உடனே மறுபடியும் பட்டியல் பேச்சு. முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி பிராட்ஃபோர்டில் ஓடிய அதே படம்.

எஜமானருக்கான சட்டம் நம்மகிட்ட இல்லாமலா இருக்கு? விலங்கை அலட்சியமா வைத்திருந்தால் தண்டனைன்னு 1860-லேயே இந்திய தண்டனைச் சட்டம் 289-வது பிரிவு சொல்லியாச்சு. இப்ப பாரதிய நியாய சம்ஹிதாவில் 291-வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஒரு ராட்வீலர் குட்டியின் விலையை விசாரிச்சுப் பாருங்க, அபராதம் எவ்வளவு சில்லறைன்னு புரியும். பட்டியல் போடற வழியிலேயே போனா நாளைக்குக் காவலுக்குன்னே வளர்ந்த நம்ம கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் டேப்பு எடுத்துட்டு வருவாங்க. (நம்ம ஊர் கடிகளில் பெரும்பங்கு தெருநாய்களோடது. அங்கே எஜமானனும் இல்லை, இனமும் இல்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

என் கட்சி இதுதான். பெரிய நாய் வளர்க்கிறவருக்கு லைசென்ஸும் காப்பீடும் கட்டாயம் வேணும். கடிச்சா எஜமானருக்கு வலிக்கிற மாதிரி தண்டனை வேணும். குட்டி விற்ற பிரீடர் பேரும் அந்த வழக்கில் வரணும். நாயைத் தனியா சோதிச்சுத்தான் அதன் முடிவை எடுக்கணும். பட்டியல் போடறது சுலபம், ஏன்னா நாய்க்கு ஓட்டு இல்லை. பிரீடரைப் பிடிக்கிறதுதான் கஷ்டம்.

நாய் வளர்க்கிறவங்க, நாய்கிட்ட கடி வாங்கினவங்க ரெண்டு தரப்பும் பின்னூட்டத்துல வாங்க. கடிச்சுக்காம பேசலாம் :-)